ஒரே மீன், வேறு வேறு நீர்: உருவ வேறுபாட்டையும் மரபணு வேறுபாட்டையும் அளப்பது எப்படி?

ஆற்றில் பிடித்தால் ஒல்லியாக, நீண்ட வாலோடு இருக்கிற ஒரு மீன், அடுத்துள்ள ஏரியில் பிடித்தால் உடல் அகன்று, கண் பெரிதாகி, நிறம் மங்கி வேறு ஏதோ மீன் மாதிரி தெரியும். பார்த்ததும் "இது தனி ரகம்" என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விலங்கியல், மீன்வளம் படிக்கிறவர்களுக்கும், சொந்த ஆர்வத்தில் நன்னீர் மீன்களைக் கவனிக்கிறவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால், மாதிரி சேகரிப்பதில் தொடங்கி முடிவு எழுதுவது வரை வரிசையாகப் போகலாம்.

முதலிலேயே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்து மீன்கள் வேறாகத் தெரிவதற்கு மரபணு பல காரணங்களில் ஒன்று, அவ்வளவுதான். வயது, உடலளவு, ஆணா பெண்ணா, சினைப் பருவமா, என்ன தின்றது, எந்த வெப்பநிலையில் வளர்ந்தது, எந்த வலையில் பிடித்தது, யார் அளந்தது, எந்தத் திரவத்தில் போட்டு வைத்தது என்று எல்லாமே மீனை வேறாகக் காட்டும். இந்த ஆய்வில் பாதிக்கு மேல் இவற்றை ஒவ்வொன்றாக விலக்குகிற வேலைதான். எல்லாம் விலக்கிய பிறகும் மிச்சம் நிற்கிற வேறுபாடு எதுவோ, அதைப் பற்றித்தான் பேச முடியும்.

எங்கே, எத்தனை, எந்த வலையில்

வரைபடத்தை எடுத்து நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பாருங்கள். மீனுக்கு நேர்கோட்டுத் தூரம் ஒரு பொருட்டே இல்லை, நீர்வழித் தூரம்தான் கணக்கு. ஒரு மலை முகட்டின் இரு பக்கமும் ஓடுகிற இரண்டு ஓடைகள் ஐந்து கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தாலும் அவற்றின் மீன்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சந்திக்காமல் இருந்திருக்கலாம்; ஒரே ஆற்றில் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மீன்கள் வெள்ளத்தோடு வெள்ளமாகக் கலந்துகொண்டே இருக்கலாம். அருவி எங்கே இருக்கிறது, அணை எந்த ஆண்டு கட்டினார்கள், எங்காவது குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களா என்பதையெல்லாம் வலையைத் தொடும் முன் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். குஞ்சு விட்ட வரலாறு தெரியாமல் செய்த ஆய்வுக்குப் பின்னால் விளக்கம் சொல்வது மிகவும் கஷ்டம், ஏனென்றால் மரபணுவில் தெரிகிற கலப்பு இயற்கையானதா, லாரியில் வந்ததா என்று பிரிக்க வழியிருக்காது.

ஒரு ஆறும் ஒரு ஏரியும் எடுத்து ஒப்பிட்டால் போதாது. இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு ஆறு, ஒரு ஏரி என்று எடுத்தால் கிடைக்கிற வேறுபாடு ஆற்றுக்கும் ஏரிக்கும் உள்ளதா, அல்லது அந்த இரண்டு இடங்களுக்கு மட்டும் உள்ளதா என்று எந்தப் புள்ளியியலாலும் சொல்ல முடியாது. மூன்று ஆறு, மூன்று ஏரி என்று எடுத்து, மூன்று ஏரியிலும் மீன் ஒரே திசையில் மாறியிருந்தால் அப்போது ஏரி வாழ்க்கையைப் பற்றிப் பேசலாம்.

எண்ணிக்கை என்று பார்த்தால், ஒரு இடத்துக்கு முப்பது மீன் என்பது மரபணுவுக்குப் பொதுவாக ஏற்கிற அளவு, உருவத்துக்கு நாற்பது ஐம்பது இருந்தால் நிம்மதி. ஒரே இடத்தில் ஒரே வீச்சில் முப்பதையும் பிடித்துவிடாதீர்கள். சிறு குஞ்சுகள் கூட்டமாகத் திரிவதால், ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளே முப்பதும் வந்துவிடலாம், அப்புறம் நீங்கள் அளப்பது ஒரு குடும்பத்தைத்தான், அந்த ஆற்றின் மீன்களை அல்ல. முடிந்தவரை வளர்ந்த மீன்களை, பல இடங்களிலிருந்து, எல்லா இடத்திலும் ஒரே பருவத்தில் எடுங்கள்.

வலை விஷயத்தில் கொஞ்சம் நிற்கலாம். செவுள் வலை மீனை அதன் உடல் சுற்றளவைப் பார்த்துத்தான் பிடிக்கிறது. கண்ணி அளவுக்கு ஒல்லியான மீன் நுழைந்து போய்விடும், பெருத்தது முட்டித் திரும்பிவிடும், நடுத்தரம் மட்டும் மாட்டும். ஒரு ஏரியில் ஒரே கண்ணியுள்ள செவுள் வலையும் ஆற்றில் இழுவலையும் போட்டால், உடல் உயரத்தில் வருகிற வேறுபாட்டில் எவ்வளவு மீனுடையது, எவ்வளவு வலையுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லா இடத்திலும் ஒரே வலை, இல்லையென்றால் பல கண்ணி அளவுகள் சேர்ந்த வலை.

சேகரிக்க எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அரிதான மீன் என்றால் கொல்ல வேண்டியதில்லை: கிராம்பு எண்ணெய் போன்ற மயக்க மருந்தில் மயக்கி, படம் எடுத்து, துடுப்பில் சிறு துண்டு வெட்டிக்கொண்டு, நல்ல நீரில் தெளிய வைத்துத் திரும்ப விட்டுவிடலாம். துடுப்பு பெரும்பாலான மீன்களில் மறுபடி வளர்ந்துவிடும்.

மீன் கைக்கு வந்ததும்

வரிசை மாறக் கூடாது. முதலில் எண், அப்புறம் படம், அப்புறம் துடுப்புத் துண்டு, கடைசியாகத்தான் ஃபார்மலின். ஃபார்மலின் உடலின் வடிவத்தை அழகாகக் காப்பாற்றும், ஆனால் டி.என்.ஏ-வைத் துண்டு துண்டாக்கி, புரதங்களோடு பின்னிவிடும். எனவே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் துடுப்புத் துண்டை முன்பே வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டுவிட வேண்டும். துண்டு சிறிதாகவும் எத்தனால் தாராளமாகவும் இருக்கட்டும். பெரிய சதைத் துண்டைக் குப்பியில் திணித்தால் அதிலுள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்து, உள்ளே அழுகத் தொடங்கிவிடும். வலப்பக்கத் துடுப்பிலிருந்து வெட்டுவது நல்லது, ஏனென்றால் படமும் அளவும் வழக்கமாக இடப்பக்கம்தான் எடுக்கிறோம். ஒவ்வொரு மீனுக்கும் நடுவே கத்தரியை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள், முந்தைய மீனின் திசு ஒட்டிக்கொண்டால் போதும், பின்னால் ஒரே குப்பியில் இரண்டு மீனின் மரபணு பேசும்.

குப்பியில் ஒட்டுகிற சீட்டை நம்பாதீர்கள். எத்தனால் கசிந்தால் பேனா மை கரைந்து ஓடிவிடும். கெட்டித் தாளில் பென்சிலால் எண் எழுதி, அந்தத் தாளைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். அதே எண்தான் படத்திலும், உடல் இருக்கிற ஜாடியிலும் இருக்க வேண்டும். இந்த ஆய்வின் உயிர்நாடியே இதுதான்: எந்த மீனின் உருவத்தை அளந்தீர்களோ, அதே மீனின் மரபணுவைத்தான் படிக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது மீனை நுரைத் தட்டில் இடப்பக்கம் மேலே தெரிய, தலை இடது நோக்கிக் கிடத்துங்கள். முதுகுத் துடுப்பின் அடியிலும் மலப்புழைத் துடுப்பின் அடியிலும் மெல்லிய ஊசி குத்தித் துடுப்புகளை விரித்து நிறுத்துங்கள். வாய் மூடியிருக்கட்டும். அருகிலேயே ஒரு அளவுகோல், அதுவும் தட்டின் மேல் கிடக்காமல் மீனின் நடு உயரத்தில் இருக்கும்படி. கேமராவைத் தாங்கியில் பொருத்தி நேர் மேலிருந்து எடுங்கள், கையில் பிடித்து எடுத்தால் கோணம் மாறும். விறைத்து வளைந்துபோன மீன் தனித் தொல்லை: வால் கொஞ்சம் கீழே வளைந்திருந்தாலும் கணினி அதை "வேறு உருவம்" என்றுதான் படிக்கும், ஒரு இடத்து மீன்களைத் தாமதமாகப் படம் எடுத்திருந்தால் அந்த இடமே தனியாகப் பிரிந்து நிற்கும். பிடித்த உடனே எடுப்பது ஒன்றுதான் இதற்கு வழி.

நிறத்தைக் குறிக்க வேண்டுமென்றால் அதுவும் உடனடியாக. நிறம் நிமிடங்களில் மாறும், ஃபார்மலினில் போய்விடும்.

அளவும் எண்ணிக்கையும்

பழைய முறையில் வெர்னியர் காலிப்பரை வைத்துத் திட்ட நீளம், தலை நீளம், கண் விட்டம், உடல் உயரம், வால் காம்பின் உயரம் என்று அளப்பார்கள். திட்ட நீளம் என்பது மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்குகிற எலும்பின் முனை வரை. வாலை மடக்கினால் ஒரு மடிப்பு விழும், அதுதான் அந்த இடம். வால் துடுப்பின் நுனி அடிக்கடி கிழிந்திருக்கும் என்பதால் மொத்த நீளத்தை ஆதாரமாக வைக்க வேண்டாம்.

இந்த அளவுகள் பெரும்பாலும் உடலின் நீளவாக்கிலேயே போவதால் உடல் எங்கே அகன்றது, எங்கே சுருங்கியது என்று தெரியாது. அதற்குத்தான் 1982-இல் டிரஸ் முறை வந்தது. உடலின் விளிம்பில் பத்துப் புள்ளிகளைத் தேர்ந்து (மூக்கு நுனி, தலை முடிகிற இடம், ஒவ்வொரு துடுப்பும் தொடங்குகிற, முடிகிற இடங்கள், இப்படி), அடுத்தடுத்த நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் பக்கங்களையும் மூலைவிட்டங்களையும் அளந்தால் 21 தூரங்கள் கிடைக்கும். இன்று பலரும் அதையும் தாண்டி, படத்தின் மேல் கணினியில் புள்ளி வைத்து, எல்லா மீன்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கி, ஒரே திசைக்குத் திருப்பி, ஒன்றன் மேல் ஒன்று பொருத்தி, புள்ளிகள் எங்கே விலகுகின்றன என்று பார்க்கிறார்கள். டிபிஎஸ்டிக், மார்ஃபோஜே, ஆர் மொழியின் ஜியோமார்ஃப் ஆகிய நிரல்கள் எல்லாம் இதற்கு இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இந்த முறையைத்தான் சொல்வேன், ஏனென்றால் சந்தேகம் வந்தால் படத்தைத் திறந்து மறுபடி பார்க்கலாம்.

எந்த முறையானாலும் ஒரே ஆள் எல்லா மீனையும் அளக்க வேண்டும். இடப்பெயரை மறைத்து, படங்களைக் கலைத்துப் போட்டு அளக்க வேண்டும், "இது ஏரி மீன்" என்று தெரிந்தால் கை அதற்கேற்றபடி போகும். கொஞ்ச மீன்களை வேறொரு நாள் மறுபடி அளந்து, ஒரே மீனின் இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள பிழை, இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டை விடக் கணிசமாகச் சிறிதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எண்ணக்கூடியவை தனி: முதுகுத் துடுப்பின் முட்களும் ஆரங்களும், பக்கக்கோட்டுச் செதில்கள், செவுள் வளைவில் உணவை வடிகட்டுகிற சிறு முட்கள், எக்ஸ்ரேயில் முள்ளெலும்புகள். இவை மீன் குஞ்சாக இருக்கும்போதே நிலைத்துவிடுவதால் பெரும்பாலும் உடலளவோடு மாறுவதில்லை, அது பெரிய வசதி. வடிகட்டும் முட்கள் உணவோடு நேரடியாகத் தொடர்புள்ளவை. வட ஐரோப்பிய ஏரிகளின் வெள்ளை மீன்களில் மிதவை உயிரிகளைத் தின்கிற வகைக்கு அவை எண்ணிக்கையில் அதிகமாகவும் நெருக்கமாகவும் இருக்கும், அடித்தரையில் மேய்கிற வகைக்குக் குறைவு. ஆனால் எண்ணிக்கையும் முழுக்க மரபணு சொல்வதல்ல. கரு வளர்கிற நீரின் வெப்பநிலை முள்ளெலும்புகளின் எண்ணிக்கையை மாற்றும், குளிர்ந்த நீர் மீன்களுக்கு முள்ளெலும்பு அதிகம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே டேவிட் ஸ்டார் ஜோர்டன் கவனித்துவிட்டார்.

உடலளவைக் கழிக்காமல் ஒப்பிடாதீர்கள்

பொய்யான வேறுபாடு அதிகம் பிறக்கிற இடம் இதுதான். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 60 மி.மீ. நீளமுள்ள மீனுக்குக் கண் விட்டம் 6 மி.மீ., அதாவது உடல் நீளத்தில் 10 சதவீதம். அதே ஓடையில் 120 மி.மீ. மீனுக்குக் கண் 9 மி.மீ., அதாவது 7.5 சதவீதம். கண் உடலை விட மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதான் விஷயம். இப்போது ஒரு இடத்தில் சிறிய மீன்களும் இன்னொரு இடத்தில் பெரிய மீன்களும் மாட்டினால், வெறும் சதவீதத்தைப் பார்த்து "முதல் இடத்து மீனுக்குக் கண் பெரிது" என்று எழுதிவிடுவோம். இரண்டும் ஒரே வளர்ச்சிக் கோட்டில் இருக்கிற மீன்கள்.

சரி, எப்படித் திருத்துவது? அளவையும் திட்ட நீளத்தையும் மடக்கைக்கு மாற்றி, ஒன்றுக்கு எதிராக ஒன்றை வரைந்தால் கிடைக்கிற சாய்வுதான் வளர்ச்சி அடுக்கு. மேலே சொன்ன கண்ணுக்கு அது சுமார் 0.585. பிறகு எல்லா மீனையும் ஒரு பொது நீளத்துக்குக் கொண்டுவாருங்கள், 90 மி.மீ. என்று வைப்போம். அளவை, 90-ஐ அந்த மீனின் நீளத்தால் வகுத்து அந்த அடுக்குக்கு உயர்த்திய எண்ணால் பெருக்க வேண்டும். சிறிய மீனின் 6 மி.மீ. 7.6 ஆகிறது, பெரிய மீனின் 9 மி.மீ.-உம் 7.6 ஆகிறது. வேறுபாடு காணாமல் போய்விட்டது, ஏனென்றால் அது அங்கே இருக்கவே இல்லை.

இதைச் செய்யும் முன் எல்லா இடத்து மீன்களுக்கும் சாய்வு ஏறத்தாழ ஒன்றா என்று சோதியுங்கள். செய்த பின் திருத்திய அளவுக்கும் நீளத்துக்கும் தொடர்பு எதுவும் மிஞ்சவில்லையா என்று பாருங்கள். ஒரு இடத்தில் எல்லாம் 50 முதல் 70 மி.மீ., இன்னொரு இடத்தில் எல்லாம் 110 முதல் 140 மி.மீ. என்று நீளங்கள் ஒன்றோடொன்று தொடாமலே இருந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது, மறுபடி மீன் பிடிக்கத்தான் போக வேண்டும். ஆண், பெண்ணையும் பிரித்துப் பாருங்கள், சினையுள்ள பெண்ணின் வயிற்று உயரத்தை அடியோடு விட்டுவிடுவது நல்லது.

அப்புறம் பல அளவுகளைச் சில அச்சுகளாகச் சுருக்குகிற முதன்மைக் கூறு பகுப்பாய்வு, அது இடப்பெயர் தெரியாமலே மீன்களைப் பரப்பிக் காட்டும். அதற்குப் பிறகுதான் பிரித்தறியும் பகுப்பாய்வு. இது இடப்பெயரைக் கொடுத்து "பிரித்துக் காட்டு" என்று கேட்பது. கேட்டால் பிரித்துத்தான் காட்டும், அளவுகள் அதிகமாகவும் மீன்கள் குறைவாகவும் இருந்தால் ஒன்றுமே இல்லாத இடத்திலும் அழகான வட்டங்கள் வரும். ஒவ்வொரு மீனாக வெளியே எடுத்து வைத்து, மீதியை வைத்து அது எந்த இடத்து மீன் என்று ஊகிக்க வைத்து, அதில் எத்தனை சதவீதம் சரி என்பதை மட்டும் எழுதுங்கள்.

உருவம் மாறினால் மரபணு மாறியது என்று ஆகாது

ஐரோப்பாவின் குரூசியன் கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பைக் என்கிற வேட்டை மீன் இருக்கிற குளத்தில் அது உடல் உயர்ந்து அகன்று வளர்கிறது, இல்லாத குளத்தில் ஒல்லியாக. 1992-இல் வெளியான சோதனையில் ஒரே மூலத்து மீன்களைப் பிரித்து, சில இடங்களில் பைக்கோடு விட்டார்கள். பைக் இருந்த பக்கத்தில் மட்டும் உடல் உயர்ந்தது. பைக் விழுங்க முடியாத அளவுக்கு உடல் உயர்வது ஒரு பாதுகாப்பு, அது அந்த மீனின் வாழ்நாளிலேயே நடக்கிறது. இரண்டு குளத்து மீன்களை மட்டும் அளந்த ஒருவர் இரண்டு ரகம் என்று சத்தியம் செய்திருப்பார்.

மறுபக்கமும் உண்டு. கடலிலிருந்து ஆற்றுக்கும் ஏரிக்கும் வந்து தங்கிய மூன்று முள் ஸ்டிக்கிள்பேக் மீன்களில், கடல் மீனுக்குப் பக்கவாட்டில் முப்பதுக்கு மேல் எலும்புத் தகடுகள், நன்னீர் மீன்களில் பெரும்பாலும் சில தகடுகள் மட்டும். இது பெரும்பகுதி ஈடிஏ என்ற ஒரே மரபணுவின் வேலை என்று 2005-இல் காட்டினார்கள். உலகின் பல நன்னீர் இடங்களில் அதே பழைய அல்லீல்தான் (அல்லீல் என்பது ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) மறுபடி மறுபடி மேலே வந்திருக்கிறது.

இந்த இரண்டில் உங்கள் மீன் எந்தப் பக்கம் என்று அறிய நேரான வழி ஒன்றுதான்: இரண்டு இடத்து மீன்களையும் ஒரே நீரில், ஒரே தீனியில், ஒரே வெப்பநிலையில் இனப்பெருக்கம் செய்து வளர்ப்பது. வேறுபாடு அப்போதும் நின்றால் அது பரம்பரை. டிரினிடாட் ஓடைகளின் கப்பி மீன்களில் டேவிட் ரெஸ்னிக் இப்படித்தான் இரண்டு தலைமுறை வளர்த்துப் பார்த்தார். தாயின் உடல்நிலை முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும் என்பதால் ஒரு தலைமுறை போதாது. வளர்க்க வசதியில்லை என்றால் பரவாயில்லை, ஆனால் அப்போது "பரம்பரை வேறுபாடு" என்ற சொல்லை உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள்.

மரபணுப் பக்கம்

செல்லுக்குள் ஆற்றல் தருகிற, தனக்கென்று டி.என்.ஏ உள்ள மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் சுமார் 650 எழுத்துகள் உள்ள ஒரு பகுதியைத்தான் மீன்களின் பட்டைக்குறியாக வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் ஒரே இனம் என்று நினைத்துப் பிடித்தது உண்மையிலேயே ஒரே இனமா என்று அது சொல்லும். இரண்டு சதவீத வேறுபாடு என்றால் 650-இல் 13 எழுத்து. அவ்வளவு வந்தால் இரண்டு இனங்கள் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு மீன்களைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரே இனத்துக்குள் கூட்டங்களைப் பிரிக்க மைட்டோகாண்ட்ரியாவின் மற்றப் பகுதிகளான, இன்னும் வேகமாக மாறுகிற கட்டுப்பாட்டுப் பகுதியும் சைட்டோகுரோம் பி மரபணுவும் உதவும்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் வருவது, ஒரே துண்டாக வருவது. அதனால் பழைய வரலாற்றைத் தெளிவாகக் காட்டும், ஆனால் அது மட்டும் போதாது. கனடாவின் கியூபெக்கில் ஒரு ஏரியின் புரூக் ட்ரவுட் மீன்களின் மைட்டோகாண்ட்ரியா முழுக்க முழுக்க ஆர்க்டிக் சார் என்ற வேறொரு இனத்துடையது, பழைய கலப்பு ஒன்றின் எச்சம். மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் படித்திருந்தால் இனத்தின் பெயரே தவறாகியிருக்கும்.

எனவே உட்கரு டி.என்.ஏ-வும் வேண்டும். பத்துப் பதினைந்து மைக்ரோசாட்டிலைட்டுகள் (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகிற டி.என்.ஏ பகுதிகள்) என்பது செலவு குறைந்த பழைய வழி, ஆயிரக்கணக்கான ஓரெழுத்து மாற்றங்களை ஒரே நேரத்தில் படிப்பது இன்றைய வழி. சால்மன் குடும்பத்திலும் சில கெண்டை வகைகளிலும் மூதாதையிலேயே ஜீனோம் முழுவதும் இரட்டித்திருப்பதால் ஒரே குறிப்பான் (மீன்களை ஒப்பிட நாம் படிக்கிற டி.என்.ஏ பகுதி) இரண்டு இடத்தில் ஒட்டும், அந்த மீன்களில் குறிப்பானைத் தேர்வதில் கவனம் தேவை. ஆய்வகத்தில் டி.என்.ஏ-வைப் பெருக்குகிற ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ இல்லாத ஒரு குழாயும் ஓடட்டும், அதிலும் டி.என்.ஏ பட்டை தெரிந்தால் ஏதோ கலந்துவிட்டது என்று அர்த்தம். மாதிரிகளில் ஒரு பங்கை மறுபடி ஓட்டி, விடை ஒன்றாக வருகிறதா என்றும் பாருங்கள்.

தரவு வந்ததும் முதல் சோதனை ஹார்டி–வெயின்பெர்க் சமநிலை: மீன்கள் தங்களுக்குள் தற்செயலாகக் கூடினால் எதிர்பார்க்கிற மரபணு விகிதம் வருகிறதா என்பது. இதை எண்ணோடு பார்த்தால் எளிது. ஒரு குளத்தில் ஒரு அல்லீல் 0.9, இன்னொரு குளத்தில் அதே அல்லீல் 0.1 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குளத்திலும் கலப்பு மரபணு உள்ள (இரண்டு வெவ்வேறு அல்லீல்கள் கொண்ட) மீன்கள் 2 × 0.9 × 0.1, அதாவது 18 சதவீதம். தெரியாமல் இரண்டு குளத்து மீன்களையும் சம அளவில் ஒன்றாகக் கொட்டிவிட்டால் சராசரி 0.5, எதிர்பார்ப்பு 50 சதவீதம், ஆனால் கிடைப்பது 18 மட்டுமே. இந்தப் பற்றாக்குறைக்கு வாலுண்ட் விளைவு என்று பெயர், ஒரே இடம் என்று நீங்கள் நினைத்ததற்குள் இரண்டு கூட்டம் இருப்பதன் அடையாளம். குறிப்பான் சரியாக ஒட்டாமல் சில அல்லீல்கள் தெரியாமல் போனாலும் இதே பற்றாக்குறை வரும். ஒரு குறிப்பானில் மட்டும் பற்றாக்குறை என்றால் அந்தக் குறிப்பான்தான் காரணமாக இருக்கும், எல்லாக் குறிப்பானிலும் என்றால் மீன்கள் கலந்திருக்கின்றன அல்லது நெருங்கிய உறவுகளுக்குள் இனப்பெருக்கம் நடக்கிறது.

மேலே உள்ள அதே எண்களில் 50-இலிருந்து 18-ஐக் கழித்து 50-ஆல் வகுத்தால் 0.64. இதுதான் எஃப்.எஸ்.டி, கூட்டங்களுக்கு நடுவே உள்ள மரபணு வேறுபாட்டுக்கு மரபியலாளர் செவால் ரைட் தந்த அளவுகோல். சுழியம் என்றால் அல்லீல் விகிதங்களில் வேறுபாடு இல்லை, ஒன்று என்றால் முற்றிலும் வேறு. தனித்தனி ஓடைகளில் அடைபட்ட நன்னீர் மீன்களுக்கு இது கடல் மீன்களை விடப் பொதுவாக அதிகமாகவே இருக்கும். தலைமுறைக்கு ஒரு மீன் வந்து இனப்பெருக்கத்தில் சேர்ந்தால் எஃப்.எஸ்.டி 0.2 பக்கம் நிற்கும் என்று பாடநூல் சொல்வது எல்லாக் கூட்டமும் சம அளவு, சமநிலை வந்துவிட்டது என்ற அனுமானத்தில். நேற்றுக் கட்டிய அணைக்கு அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; அணை மீனைத் தடுத்தாலும் மரபணுவில் அது தெரிய பல தலைமுறை ஆகும்.

ஸ்ட்ரக்சர் போன்ற நிரல்கள் 2000 முதல் புழக்கத்தில் இருக்கின்றன, இடப்பெயர் கேட்காமலே மீன்களைக் கூட்டங்களாகப் பிரிக்கும். எத்தனை கூட்டம் என்பதற்கு டெல்டா கே அளவைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, ஆனால் அந்த அளவால் "ஒரே கூட்டம்தான்" என்ற விடையைச் சொல்லவே முடியாது. நீர்வழித் தூரம் கூடக் கூட மரபணு வேறுபாடு சீராகக் கூடுகிற ஆறுகளிலும் இந்த நிரல் நடுவே எங்கோ ஒரு கோடு போட்டுப் பிரித்துவிடும், அதனால் தூரத்துக்கும் வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பை முதலில் வரைந்து பாருங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது

உருவமும் மரபணுவும் ஒரே இடத்தில் பிரிந்தால் விஷயம் ஓரளவு சுலபம்: அந்தக் கூட்டங்கள் கலக்காமல் இருக்கின்றன, தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியவை. உருவம் பிரிந்து மரபணு பிரியவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. குரூசியன் கெண்டை மாதிரி வளர்ப்பால் வந்திருக்கலாம். அல்லது ஸ்டிக்கிள்பேக் மாதிரி ஒன்றிரண்டு மரபணுவை மட்டும் இயற்கைத் தேர்வு இழுத்திருக்க, நீங்கள் படித்த பத்துக் குறிப்பான்கள் அந்த இடத்தைத் தொடாமலே இருந்திருக்கலாம். விக்டோரியா ஏரியின் சிக்லிட் மீன்களில் சுமார் 15,000 ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான இனங்கள், தாடையும் பல்லும் நிறமும் கண்கூடாக வேறு, ஆனால் சாதாரணக் குறிப்பான்களில் அவற்றைப் பிரிப்பதே பெரும்பாடு. எனவே "மரபணு வேறுபாடு இல்லை" என்று எழுதாமல், "இந்தக் குறிப்பான்களில் வேறுபாடு தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

மரபணு பிரிந்து உருவம் பிரியவில்லை என்றால் எனக்கு அதுதான் மிகவும் சுவாரசியமானது. ஒரே மாதிரி நீரோட்டம் ஒரே மாதிரி உடலைக் கேட்பதால் நெடுங்காலம் பிரிந்த மீன்களும் ஒன்றுபோலவே இருக்கும். மெக்சிகோவின் குகைகளில் கண்ணில்லாமல் வாழ்கிற அஸ்டியானக்ஸ் மீன்களில், வெவ்வேறு குகை மீன்களைச் சேர்த்துக் கலப்பு செய்தபோது பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை திரும்பியது. ஒவ்வொரு குகையிலும் வேறு வேறு மரபணு கெட்டு ஒரே குருட்டு உருவம் வந்திருந்தது, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மீன்.

அறிக்கையில் இடங்களின் ஆயத்தொலைவுகள், வலை வகை, பிடித்த மாதம், நீள வரம்பு, எந்த அளவுகளை ஏன் விட்டீர்கள் என்பது, மறு அளவீட்டுப் பிழை எல்லாம் இருக்கட்டும். டி.என்.ஏ வரிசைகளை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவகத்தில் சேருங்கள், ஒவ்வொரு இடத்திலிருந்தும் சில மீன்களை அருங்காட்சியகத்தில் எண்ணோடு ஒப்படையுங்கள். யாராவது உங்கள் முடிவை வைத்து ஒரு ஆற்றுக் குஞ்சுகளை இன்னொரு ஆற்றில் விடலாமா என்று கேட்டால், உருவம் ஒன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சரி சொல்லாதீர்கள். உட்கரு மரபணு முடிவு கைக்கு வரும்வரை, அந்தந்த ஆற்றுத் தாய் மீன்களிலிருந்தே குஞ்சு எடுக்கச் சொல்லுங்கள்.